நேராக ஆபரேஷனே செய்துவிடக் கூடாதா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 47 வயது. பாபநாசம் பக்கத்துக் கிராமம். இடது மார்பில் கட்டி என்று போனேன். மாமோகிராம் எடுத்தார்கள். பிறகு ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். மரத்துப்போகும் ஊசி போட்ட கையோடு பெரிய ஊசியையும் குத்திவிட்டார்கள். உயிர் போய் உயிர் வந்தது. கத்தினதற்கு, "பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா?" என்றார் அங்கிருந்த நர்ஸ். புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. இப்போது சர்ஜன் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார். அதே மார்பில் இன்னொரு இடத்தில் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிகிறதாம், அதிலும் ஊசி போட வேண்டுமாம். ஆபரேஷன் அன்று காலையில் கம்பி வைப்போம் என்றும் சொல்கிறார். ஊசி குத்தும்போது வந்த அந்த 'டக்' சத்தம் இன்னமும் ராத்திரியில் காதில் கேட்கிறது. ஆஸ்பத்திரி வாசனை வந்தாலே வியர்த்துக் கொட்டுகிறது. ஊசிமேல் ஊசி குத்தினால் பரவிவிடும் என்கிறார் மாமியார். பேசாமல் மார்பை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடலாமா? இன்னொன்று, எம்.ஆர்.ஐ.க்குத் தாலிக்கொடியைக் கழற்ற வேண்டுமாம். ஆடிப்பெருக்கு வருகிறது, கயிறு மாற்றும் சமயம். அதற்கு முன்னால் கழற்றலாமா?
— பெயர் வேண்டாம், பாபநாசம் வட்டம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான் கதிரியக்க மருத்துவர். ஊரில் 'ஸ்கேன் டாக்டரம்மா' என்பார்கள். உங்களைக் குத்திய மாதிரி ஊசியைப் பிடிப்பதுதான் என் வேலை. அதனால் இந்தப் பதிலைக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடுதான் எழுதுகிறேன்.

உங்களுக்கு வலித்தது, வலித்திருக்கக் கூடாது. மரத்துப்போக வைக்கும் மருந்தின் பெயர் லிக்னோகைன். பல் பிடுங்கும்போது போடுகிற அதே மருந்து. அது வேலை செய்ய ஒன்றிரண்டு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். தோலில் மட்டும் போட்டாலும் போதாது, ஊசி போகிற பாதை முழுக்க, கட்டியின் ஓரம் வரை போட வேண்டும். போட்டுவிட்டு, தொட்டுப் பார்த்து, "கூர்மையாகத் தெரிகிறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த ஊசியை எடுக்க வேண்டும். சரியாக மரத்துவிட்டால் அழுத்தம் தெரியும், யாரோ பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும், சத்தம் கேட்கும். சுரீரென்று வலிக்காது. வலித்தால் நிறுத்தி இன்னும் கொஞ்சம் மருந்து போட இடமிருக்கிறது. உங்களுக்கு இதெல்லாம் நடக்கவில்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது. கூட்டம், அவசரம் என்று ஆயிரம் காரணம் இருக்கலாம். படுத்திருப்பவருக்கு அந்தக் காரணமெல்லாம் எதற்கு?

"பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா?" என்ற வசனத்தை நானும் எத்தனையோ அறைகளில் கேட்டிருக்கிறேன். ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொல்வார்கள். கேட்பவருக்கோ வாயை மூடு என்று காதில் விழும். நம் பக்கத்துப் பெண்கள் அப்படியே மூடிக்கொள்ளவும் செய்வார்கள். பல வருடம் முன்பு ஒரு அம்மாவுக்கு நானே அவசரப்பட்டுவிட்டேன். அவர் கத்தவில்லை, மேசை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப்போயிருந்தன. முடிந்த பிறகு, "வலிச்சுதா? சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். "நீங்க கேக்கலையே டாக்டர்" என்றார். அன்றிலிருந்து கேட்காமல் ஊசியை எடுப்பதில்லை. ஆனால் எல்லாரும் கேட்பார்கள் என்று நான் உங்களுக்கு உத்தரவாதம் தர முடியாது. அதனால் இந்த முறை நீங்களே முந்திக்கொள்ள வேண்டும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். நேராக ஆபரேஷனே செய்துவிடலாமா?

சர்ஜனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த டெஸ்டில் என்ன வந்தாலும் ஆபரேஷன் மாறுமா?" மாறும் என்றால் எப்படி மாறும் என்று சொல்லச் சொல்லுங்கள். மாறாது என்றால் அந்த டெஸ்ட் எதற்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல சர்ஜன் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் பார்த்தவரை, நோயாளி இப்படிக் கேட்டதால் ஒரு டெஸ்ட் குறைந்ததும் உண்டு.

உங்கள் விஷயத்தில் என்ன மாறும்? கட்டியை மட்டும் சுற்றுச் சதையோடு எடுத்து, மார்பை வைத்துக்கொள்வது ஒரு வழி. அதற்குப் பிறகு சில வாரங்கள் கதிர்வீச்சு சிகிச்சை இருக்கும். மார்பு முழுவதையும் எடுத்துவிடுவது இன்னொரு வழி. முதல் வழிக்குப் போக வேண்டுமானால், அதே மார்பில் வேறு எங்கும் நோய் ஒளிந்திருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். உங்களுக்குத் தெரிகிற சுண்ணாம்புப் புள்ளிகள் அந்தச் சந்தேகத்தைக் கிளப்புகின்றன. (மார்புச் சதையில் படிகிற கால்சியத் துகள்கள் இவை. வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெற்றிலை போடுகிற அம்மாக்கள் எல்லாரும் இதைக் கேட்பார்கள்.) பொதுவாக இந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவை சாதுவானவைதான். பக்கத்திலேயே புற்றுநோய் இருக்கும்போது, சாதுதான் என்று சும்மா விட்டுவிட முடியாது. இன்னொரு ஊசி சாது என்று சொல்லிவிட்டால் ஒரே இடத்தை எடுத்தால் போதும். இல்லையென்றால் இரண்டு இடங்களும் போக வேண்டும், அல்லது மார்பு முழுவதும்.

எல்லாம் தெரிந்து, யோசித்து, நீங்களாகவே மார்பு முழுவதும் எடுப்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்த இரண்டாவது ஊசியும் கம்பியும் பெரும்பாலும் தேவைப்படாது. எம்.ஆர்.ஐ.கூடத் தேவைப்படாமல் போகலாம். அப்படித் தேர்ந்தெடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். கதிர்வீச்சுக்குத் தினமும் பஸ் ஏறி டவுனுக்குப் போய்வர முடியாது, மாட்டையும் வயலையும் யார் பார்ப்பது என்று கணக்குப் போட்டு முடிவெடுத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் முடிவில் நான் குறை காண மாட்டேன். (மார்பை எடுத்தாலும் சிலருக்குக் கதிர்வீச்சு தேவைப்படும். அதையும் கேட்டுக்கொண்டு கணக்குப் போடுங்கள்.) நீங்கள் எழுதியதில் அந்தக் கணக்கு எதுவும் இல்லை, ஊசி பயம் மட்டும்தான் இருக்கிறது. அரை மணி நேர டெஸ்டுக்குப் பயந்து மார்பைக் கொடுக்காதீர்கள். பயத்துக்கு வழி இருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டு, அப்புறமும் எடுத்துவிடலாம் என்று தோன்றினால் எடுங்கள்.

எம்.ஆர்.ஐ. பற்றி ஒளிக்காமல் ஒன்று சொல்கிறேன். மார்புப் புற்றுநோய் வந்த எல்லாருக்கும் அது கட்டாயமில்லை. நுணுக்கமாகக் காட்டும் என்பதாலேயே சில சமயம் ஒன்றுமில்லாத இடத்தையும் சந்தேகமாகக் காட்டி, இன்னொரு ஊசிக்கு வழி வைக்கும். உங்களுக்கு எடுக்கக் காரணம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. இருந்தாலும் மேலே சொன்ன கேள்வியை இதற்கும் கேளுங்கள்.

மாமியார் சொன்னதைப் பற்றி. அவர் ஒருவர் மட்டும் சொல்வதில்லை, படித்தவர்களும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. ஊசி போட்டு ரிப்போர்ட் வந்ததும் பயந்துபோய், சிலர் ஆறு மாதம் எட்டு மாதம் பச்சிலை, கஷாயம் என்று போய்விடுவார்கள். திரும்பி வரும்போது அக்குளில் நெறி கட்டியிருக்கும். ஊர் என்ன பேசும்? "ஊசி குத்தின பிறகுதான் பரவிச்சு" என்று பேசும். நடுவில் சும்மா போன எட்டு மாதத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஊசி போன பாதையில் ஒன்றிரண்டு செல் நகர்வது அபூர்வமாக நடக்கலாம். ஊசிப் பரிசோதனை செய்துகொண்டதால் யாருடைய ஆயுளும் குறைவதாகத் தெரியவில்லை. உலகம் முழுக்க ஆபரேஷனுக்கு முன்பே ஊசி போட்டு உறுதி செய்வதுதான் முறை.

ஊசி எடுத்துத் தருகிற அந்த நூல் மாதிரித் துண்டுகளில் புற்றுநோயா இல்லையா என்பது மட்டுமா தெரியும்? ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்களுக்குக் கட்டி பதில் சொல்கிறதா, ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா என்பதும் தெரியும். இதைப் பொறுத்துச் சிலருக்கு முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுப் பிறகுதான் ஆபரேஷன். ஒன்றும் பார்க்காமல் 'கட்டிதானே' என்று எங்கோ எடுத்துப் போட்டுவிட்டு, அது புற்றுநோய் என்று தெரிந்ததும் இரண்டாவது தடவை கத்தி வைத்துக்கொள்ள வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் அடுத்த முறை சர்ஜனிடம் அவரையே அழைத்துப் போங்கள். மருமகள் சொல்வது ஏறாத காதில் டாக்டர் சொல்வது ஏறும்.

சரி, பயத்துக்கு வருவோம்.

வாசனை வந்ததும் வியர்ப்பது கோழைத்தனம் கிடையாது. அந்த வாசனை, அந்த வெளிச்சம், அந்த 'டக்', வலி எல்லாவற்றையும் உடம்பு ஒன்றாக முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. ஒரு நுனியைத் தொட்டால் முடிச்சு முழுவதும் இழுபடுகிறது. இதை அவிழ்க்க ஒரு வழி, வலியில்லாமல் அதே இடத்துக்குப் போய்வருவது. டெஸ்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் மகளோடோ தங்கையோடோ அந்த ஸ்கேன் இடத்துக்குச் சும்மா போங்கள். வெளியே பெஞ்சில் பத்து நிமிடம் உட்காருங்கள். முடிந்தால் அறையையும் மெஷினையும் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள். திரும்பும்போது ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

ஊசி போடுகிற டாக்டரிடம், படுப்பதற்கு முன்பே, புடவையோடு உட்கார்ந்திருக்கும்போதே சொல்லிவிட வேண்டிய சில வாக்கியங்கள் இருக்கின்றன. படுத்த பிறகு வாய் வராது. "போன தடவை மரத்துப் போகாமலே குத்திட்டாங்க, ரொம்ப வலிச்சுது. இந்தத் தடவை மரத்துப் போச்சான்னு பாத்துட்டுச் செய்யுங்க. ஒவ்வொண்ணும் செய்யறதுக்கு முன்னாடி சொல்லுங்க. நான் வலது கையைத் தூக்கினா நிறுத்துங்க." சொல்ல வராது என்று தோன்றினால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். எனக்கு அப்படி நீட்டியிருக்கிறார்கள். எந்த டாக்டரும் அதைப் படித்துவிட்டு அலட்சியமாக ஊசியை எடுக்க முடியாது. கையைத் தூக்குகிற ஏற்பாட்டை மறந்துவிடாதீர்கள். நிறுத்த முடியும் என்று தெரிந்தாலே பாதிப் பேர் கையைத் தூக்குவதே இல்லை.

அந்த 'டக்' சத்தத்தையும் முதலில் வெறும் காற்றில் ஒரு தடவை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். ஸ்பிரிங் உள்ள கருவி அது, ஸ்டேப்ளர் மாதிரி. எப்போது வரும் என்று தெரியாததால்தான் அந்தச் சத்தம் தூக்கிவாரிப் போடுகிறது.

ஆனால் உங்களுக்கு இந்த முறை அந்தச் சத்தம் இல்லாமலே போகலாம். சுண்ணாம்புப் புள்ளிகள் அல்ட்ராசவுண்டில் சரியாகத் தெரியாவிட்டால் மாமோகிராம் மெஷினிலேயே வைத்து, உறிஞ்சி எடுக்கிற ஊசியால் எடுப்பார்கள். அதற்கு உட்கார்ந்தோ படுத்தோ இருக்க வேண்டும், மார்பு தட்டுகளுக்கு நடுவே அழுத்தப்பட்டிருக்கும். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கும். இதில் கஷ்டம் வலியைவிட அசையாமல் இருப்பதுதான், மொத்தம் அரை மணி நேரம் ஆகலாம். அதனால் உட்காரும்போதே கழுத்துக்கும் இடுப்புக்கும் வசதி பார்த்துக்கொள்ளுங்கள். "பரவாயில்லை, பரவாயில்லை" என்று முதலில் சொல்லிவிட்டுப் பாதியில் தவிக்காதீர்கள். மரத்துப்போகும் மருந்தோடு சில சமயம் அட்ரினலின் சேர்த்துப் போடுவார்கள். ரத்தம் கசியாமல் இருக்க. அப்போது நெஞ்சு படபடக்கலாம். அது மருந்து செய்கிற வேலை, ஓரிரண்டு நிமிடத்தில் அடங்கும். எடுத்து முடித்ததும் எள்ளளவு டைட்டானியம் துண்டு ஒன்றை அடையாளத்துக்கு உள்ளே வைப்பார்கள். அது இருப்பதே தெரியாது. எல்லா ஊரிலும் இந்த மெஷின் இருக்காது. பெரிய ஊருக்கு அனுப்பினால் நோய் முற்றிவிட்டதால் அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இதற்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஊசி என்றாலே பட்டினி என்று நினைத்து, விடியற்காலை பஸ்ஸில் ஒன்றும் சாப்பிடாமல் வந்து, மேசையில் மயங்குகிறவர்கள் நிறைய. இட்லி சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் முன்பே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். நைட்டியில் வராதீர்கள், முழுவதும் கழற்ற வேண்டியிருக்கும். புடவைதான் சௌகரியம். முன்பக்கம் ஹூக் வைத்த ரவிக்கை, மூடிக்கொள்ள முந்தானை. அன்று அக்குளில் பவுடர் வேண்டாம், அதன் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரியே தெரிந்து குழப்பும். ஆண் டாக்டர் என்றால் அறையில் ஒரு பெண் ஊழியர் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அது வழக்கமான நடைமுறை.

முடிந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்வார்கள். இறுக்கமான பாடியோடு வீட்டுக்குப் போங்கள். அன்றும் மறுநாளும் குடம் தூக்க வேண்டாம், நாற்றுப் பறிக்கப் போக வேண்டாம். நீலமாகக் கன்றி, பிறகு மஞ்சளாகி மறையும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே திரும்பிப் போங்கள்.

எம்.ஆர்.ஐ.யில் ஊசி என்றால் கையில் மருந்து ஏற்றுவதற்கு ஒன்று மட்டும்தான். அது போகும்போது கையில் குளிர்ச்சி ஓடும். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று அதற்கு முன்பே ரத்தம் பார்ப்பார்கள். குப்புறப் படுக்க வேண்டும், மார்பு தொங்குவதற்கு மேசையில் இரண்டு குழி இருக்கும். சினிமாவில் பார்த்த மாதிரி மல்லாந்து குழாயின் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முகம் கீழே இருப்பதால் சிலருக்குப் பயம் குறைவு. அரை மணி முதல் முக்கால் மணி ஆகும். ரைஸ் மில்லுக்குள் படுத்த மாதிரி சத்தம் வரும், திடீரென்று நிற்கும், மறுபடி வேறு தாளத்தில் தொடங்கும். காதை அடைக்கப் பஞ்சோ ஹெட்போனோ தருவார்கள். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள், அழுத்தினால் வெளியே மணி அடிக்கும். உள்ளே போவதற்கு முன் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிடுங்கள். பாத்ரூம் போய்விட்டுப் படுங்கள். மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். விடுவது நீளமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். இதை வீட்டில் ஒரு வாரம் ராத்திரி படுக்கும்போது பழகிக்கொள்ளுங்கள். அங்கே போய் முதல் தடவை செய்தால் வராது. இதற்கும் அடங்காத பயம் என்றால், டெஸ்டுக்கு முன் போட்டுக்கொள்ள ஒரு மாத்திரை சர்ஜனே எழுதித் தருவார். கேட்க வெட்கப்பட வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிப் போடவும் வேண்டாம். மாத்திரை போட்டால் துணையில்லாமல் பஸ் ஏறக் கூடாது.

துணை யார் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். உங்களைவிட அதிகமாக அழுகிறவரைக் கூட்டிப் போகாதீர்கள்.

கம்பி என்றதும் என்ன நினைத்தீர்களோ தெரியாது. வீணைத் தந்தி மாதிரி மெல்லிசானது. கையில் தட்டுப்படாத இடத்தைச் சர்ஜனுக்கு வழி காட்டுவதற்காக, ஆபரேஷன் அன்று காலையில் மரத்துப்போகச் செய்து வைப்பார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைப் பஞ்சு வைத்து ஒட்டிவிடுவார்கள். உங்கள் பெரிய கட்டி கையிலேயே தெரிகிறது, அதற்குக் கம்பி வேண்டாம். புள்ளிகள் இருக்கிற இடத்தையும் எடுக்க வேண்டும் என்று முடிவானால்தான். அன்று வெறும் வயிறு என்பதால் மயக்கம் வரலாம். வந்தால் காலை மடக்கி, தொடையையும் கையையும் இறுக்கி இறுக்கி விடுங்கள். சொல்லவும் சொல்லுங்கள்.

நீலச் சாயம் போடுவது பற்றி உங்களிடம் இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது. அக்குளில் நோய் முதலில் போய்ச் சேரும் நெறி எது என்று கண்டுபிடிக்கப் போடுவது அது. அந்த ஒன்றிரண்டு நெறியை எடுத்துப் பார்த்து, சுத்தமாக இருந்தால் அக்குளில் உள்ள மற்ற நெறிகளை எடுக்க வேண்டாம். பிற்காலத்தில் கை வீங்குகிற தொல்லை பெரிதும் குறையும். வயல் வேலை செய்கிற கைக்கு இது சின்ன விஷயமில்லை. சாயத்தைப் பெரும்பாலும் மயக்கம் கொடுத்த பிறகே போடுவதால் உங்களுக்குத் தெரியாது. மறுநாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும். இதைச் சொல்லாமல் விட்டதால் ஒரு வார்டே அலறியடித்து எழுந்த கதை என்னிடம் உண்டு.

ஆபரேஷனுக்கு முன் ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமியும் பார்ப்பார்கள். உங்கள்மேல் சந்தேகப்பட்டு அல்ல, எல்லாருக்கும்தான்.

ரிப்போர்ட் வருகிற விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இப்போதெல்லாம் அது வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. ராத்திரி பத்து மணிக்குத் தனியாகத் திறக்காதீர்கள். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'பைரட்ஸ் 6' என்று இருக்கும். பைரட்ஸ் என்பது மார்புப் படத்தைப் பார்த்து நாங்கள் போடுகிற எண். மாமோகிராமில் 4 என்றோ 5 என்றோ இருந்திருக்கும். 'ஐயோ, ஆறாகிவிட்டதே, முற்றிவிட்டதா' என்று என்னிடம் வந்து அழுதவர்கள் ஏராளம். 6 என்றால் ஊசியில் ஏற்கெனவே உறுதியான நோய் என்று மட்டும்தான் பொருள். நோயின் கட்டத்தை அது சொல்வதில்லை. 'கிரேடு 3' என்று பார்த்துவிட்டு மூன்றாவது ஸ்டேஜ் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கிரேடு என்பது மைக்ராஸ்கோப்பில் செல்கள் எப்படித் தெரிகின்றன என்பது, ஸ்டேஜ் என்பது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. இரண்டும் வேறு வேறு.

இதற்கெல்லாம் இரண்டு மூன்று வாரம் ஆவதால் ஆபத்து இல்லை. மாதக்கணக்கில் தள்ளினால்தான் ஆபத்து. செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. எந்த ஸ்கேன் அதில் அடங்கும் என்பதை எடுப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுன்ட்டரில் கேளுங்கள், எடுத்த பிறகு கேட்டால் பணம் திரும்பாது. ராத்திரியில் தூக்கம் வராமல் மனசு எங்கெங்கோ போனால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாகத் தாலி. இந்தக் கேள்வியைச் சின்னது என்று நினைத்துக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். எம்.ஆர்.ஐ. வாசலில் பெண்கள் அழுவதை நான் அதிகம் பார்த்தது இதற்காகத்தான். பிடிவாதமாகத் திரும்பிப் போனவர்களும் உண்டு. வழி சுலபம். முதல் நாளே வீட்டில், சாமி படத்துக்கு முன்னால், கொடியைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கோத்துக் கட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் கொடியைக் கழற்றிப் பெட்டியில் வையுங்கள். கழுத்து ஒரு நிமிடம்கூட வெறுமையாக இருக்காது. கயிற்றாலும் மஞ்சளாலும் மெஷினுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. எம்.ஆர்.ஐ. மெஷின் ஒரு பெரிய காந்தம். தங்கத்தை அது இழுக்காதுதான், ஆனால் கொடி சூடாகலாம், நெஞ்சுக்கு நேரே இருப்பதால் படமும் கெடும். மெட்டி, மூக்குத்தி, தோடும் கழற்ற வேண்டும். இருபது வருடம் திருகாத மூக்குத்தி அங்கே வந்து திருகினால் வராது. முந்தின நாளே பத்தரிடம் போய்க் கழற்றிக்கொள்ளுங்கள்.

ஆடிப் பதினெட்டுக்கு எப்போதும் போல ஆற்றங்கரைக்குப் போய் அந்தக் கயிற்றை மாற்றிப் புதுக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். அதற்குள் இரண்டாவது ஊசி போட்டு, துளை ஆறாமல் இருந்தால், குடமுருட்டியில் இறங்கி முங்க வேண்டாம். படியில் நின்று தலையில் தெளித்துக்கொண்டால் போதும். குண்டும் காசும் தாலியும் ஆபரேஷன் முடியும்வரை பெட்டியிலேயே இருக்கட்டும், தியேட்டருக்குள்ளும் கழற்றத்தான் சொல்வார்கள். கொடியில் அவசரத்துக்கு என்று மாட்டி வைத்திருக்கிறோமே ஊக்கு, ரவிக்கையில் ஒன்று, பாவாடை நாடாவில் ஒன்று, அதுதான் நிஜமாகவே ஆபத்து. அது இரும்பு, மெஷின் இழுத்துவிடும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது மகளை விட்டு ஒரு தடவை தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.